ஏரித் தூண்டில், உறைந்த ஏரி: கேட்டவையும் பதில்களும்

பெங்களூரில் இருபது வருடத்துக்கு மேலாகத் தூண்டில் போடுகிறேன். நடுவில் வேலைக்காக அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நான்கு குளிர்காலம் இருந்தேன். அங்கே ஏரி உறைந்த பிறகும் யாரும் தூண்டிலைச் சுருட்டி வைப்பதில்லை, ஐஸில் ஓட்டை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் இந்த ஊர் ஏரிக்கு என்ன ராடு, அதாவது தூண்டில் கழி, என்று கேட்பவர்களும் வருகிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காகக் கேட்கும் பெற்றோரும் வருகிறார்கள். வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கம்மனஹள்ளி தம்பி: "அண்ணா, புதுசா ஆரம்பிக்கிறேன். ராடு, ரீல், ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் மீன் எல்லாம் சேர்த்து ஒரு செட் காட்டினாங்க. வாங்கலாமா?"

வேண்டாம் தம்பி. அந்தப் பெட்டியில் இருக்கும் முக்கால்வாசி பொம்மை மீன்களை நம் ஊர் கட்லாவும் ரோகுவும் திரும்பிக்கூடப் பார்க்காது. எந்த ஏரி, அதில் என்ன மீன் என்று முதலில் பாருங்கள், கடைக்கு அப்புறம் போகலாம். ஒரே ஒரு ராடு என்றால் ஏழடி, நடுத்தர வலு, அதோடு 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், பத்து அல்லது பன்னிரண்டு பவுண்டு இழுப்பைத் தாங்கும் மோனோ நரம்பு (ஒற்றை இழை நைலான்), போதும். ராடில் மிச்சம் பிடித்து அந்தக் காசை நல்ல நரம்பிலும் கூரான முள்ளிலும் போடுங்கள். மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது அவை இரண்டும்தான்.

முள் வாங்கும்போது எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 4, 6, 8 என்று எண் ஏற ஏற முள் சிறியது, 1/0, 2/0 என்று போட்டிருந்தால் ஏற ஏறப் பெரியது. ரீலின் டிராகை, அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியின் இறுக்கத்தை, நரம்பின் வலுவில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். பன்னிரண்டு பவுண்டு நரம்பென்றால் மூன்று நான்கு பவுண்டு இழுப்புக்கே ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டில் கைத்தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹொசக்கோட்டே பக்கம் காசு கட்டிப் பிடிக்கும் ஒரு குட்டையில், டிராகை இறுக்கி வைத்த ஒருவருக்கு நல்ல கட்லா மாட்டியது. முதல் ஓட்டத்திலேயே நரம்பு டப்பென்று அறுந்து, மீன் வாயில் முள்ளோடும் பின்னால் இரண்டு முழம் நரம்போடும் போய்விட்டது. தப்பித்த மீன் என்று அதைச் சொல்ல மனம் வரவில்லை, அந்த நரம்பு எங்காவது வேரில் சுற்றிக்கொண்டால் அதன் கதி என்ன?

ஜீவன்பீமா நகர் சார்: "மூணு ஞாயிறா போறேன், தக்கை அசையவே இல்லை. பக்கத்துல இருக்கிறவருக்கு மட்டும் கிடைக்குது. இரை ஒண்ணுதான், இடம் ஒண்ணுதான்."

ஆழத்தில்தான் வித்தியாசம் இருக்கும் சார். கட்லா மேல்தண்ணீரில் மேய்வது, அதன் வாய் மேல்நோக்கித் திரும்பியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். ரோகு நடுத்தண்ணீர். மிருகாலும் சாதாக்கெண்டையும் அடிச்சேற்றைக் கிளறுபவை. ஒரே குளத்தில் இவற்றைச் சேர்த்து வளர்ப்பதே, ஒன்றின் தீனிக்கு மற்றது போட்டிக்கு வராது என்பதால்தான். நீங்கள் ரோகுவுக்காக உட்கார்ந்துகொண்டு இரையை அடியில் போட்டு வைத்தால் ரோகு அந்த இரைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். முதலில் ஒரு ஈயக்குண்டை மட்டும் கட்டி ஆழத்தை அளந்துகொள்ளுங்கள், அப்புறம் தக்கையை அரை மணிக்கு ஒரு முறை ஒரு சாண் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

இரைக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போதும். புண்ணாக்கை முந்தின ராத்திரியே ஊறவைத்து, தவிட்டோடு கொஞ்சம் ராகி மாவு சேர்த்துப் பிசைந்தால் உருண்டை தண்ணீரில் விழும்வரை நிற்கும், விழுந்த பிறகு மெல்லக் கரையும். அந்தக் கரைசல்தான் மீனைக் கூட்டி வரும். கல் மாதிரி பிடித்துவிட்டால் அப்படியே அடியில் கிடக்கும், யாருக்கும் பிரயோஜனமில்லை. தக்கை எடை குறைந்ததாக இருக்கட்டும். ரோகு விழுங்குவதற்கு முன் இரண்டு மூன்று தடவை வாயில் வைத்துப் பார்க்கும், பெரிய பிளாஸ்டிக் தக்கை அந்த அசைவைக் காட்டாது. மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை நெல்மணி அளவு அமுங்கினாலும் தெரியும்.

கே.ஆர். புரம் தம்பி: "விராலுக்கு மோனோவா பிரெய்டா? தவளை பொம்மை எது வாங்கலாம்?"

பிரெய்டு, அதாவது பல இழை சேர்த்துப் பின்னிய நரம்பு. விரால் இருப்பது ஆகாயத்தாமரைக்கும் புல்லுக்கும் நடுவில். மோனோ இழுத்தால் நீளும், நீங்கள் வெட்டி இழுக்கும் வேகம் முள்ளுக்குப் போய்ச் சேருவதற்குள் மீன் களைக்குள் தலையை விட்டுக்கொள்ளும். முப்பதிலிருந்து ஐம்பது பவுண்டு பிரெய்டு போடுங்கள். ரீலில் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலில் அடிச்சுற்றுக்கு மட்டும் கொஞ்சம் மோனோ சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிரெய்டு மொத்தமாக வழுக்கிச் சுழலும். முடிச்சுக்குப் பாலோமார் நல்லது. தவளை பொம்மை உள்ளே காலியாக, அமுக்கினால் முள் வெளியே வருவதாக இருக்க வேண்டும், அதுதான் புல்லில் மாட்டாது. விரால் பாய்ந்து தண்ணீர் வெடித்ததும் இழுத்துவிடாதீர்கள், ஒரு நொடி பொறுத்து நரம்பில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள்.

ஒன்றை மனதார வேண்டிக் கேட்கிறேன். மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செம்மண் நிறத்தில் குஞ்சுகள் ஒரு கூட்டமாகக் கொதிப்பது மாதிரி தெரியும். அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். அங்கே தூண்டில் போட்டால் விரால் கிடைப்பது நிச்சயம், காவல் போனதும் அந்த ஒரு கூட்டம் முழுக்க மற்ற மீன்களுக்குத் தீனியாவதும் நிச்சயம். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

அல்சூர் அம்மா: "வீட்டுக்குப் பக்கத்து ஏரியில பிடிச்ச மீனைச் சமைக்கலாமா?"

கழிவுநீர் சேரும் ஏரி என்றால் வேண்டாம் அம்மா. அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்ததை நாம் கண்ணால் பார்த்தோம், பெல்லந்தூர் ஏரியில் நுரை எரிந்ததையும் பார்த்தோம். ஆக்சிஜன் குறைந்தால் மீன் உடனே சாகும், ஆனால் உலோகக் கழிவு மீனைக் கொல்லாமலே அதன் சதையில் சேர்ந்துகொண்டிருக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. அதோடு பல ஏரிகளில் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள், சில இடத்தில் தூண்டிலே கூடாது என்று பலகை இருக்கும். கேட்டுவிட்டுப் போவது மரியாதை.

அதே வீட்டுப் பேரனுக்காக: "எட்டு வயசு. என்ன வாங்கிக் கொடுக்கலாம்?"

ரீல் வேண்டாம். மூங்கில் கழி, அதன் நீளத்துக்கு நரம்பு, சின்ன முள், தக்கை, மண்புழு. ஜிலேபி மீன் கொத்திக்கொண்டே இருக்கும், குழந்தைக்குச் சலிக்காது. முள்நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு செதிலைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள், விரலில் குத்தினாலும் சுலபமாக வெளியே வரும். கரையில் இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், நம் ஏரிகளின் சேறு பெரியவர்களையே இடுப்புவரை இழுக்கும். இடி கேட்டால் உடனே கிளம்பிவிடுங்கள். இது எல்லோருக்குமே சொல்வது, கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்.

ஒயிட்ஃபீல்டு சார்: "மச்சான் டொராண்டோவில் இருக்கார். ஜனவரியில் சிம்கோ ஏரியில ஐஸ் மேல உட்கார்ந்து மீன் பிடிக்கலாம் வாங்கன்னு கூப்பிடறார். எத்தனை அங்குலம் இருந்தா நம்பலாம்?"

புதிதாக உறைந்த, உள்ளே தெளிவாகத் தெரியும் ஐஸ் நான்கு அங்குலம், அதாவது பத்து சென்டிமீட்டர் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பது மின்னசோட்டா அரசு சொல்லும் கணக்கு. கனடா செஞ்சிலுவைச் சங்கம் பதினைந்து சென்டிமீட்டர் என்கிறது. முதல் தடவை போகிறீர்கள், பதினைந்தையே வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்துப் பால் மாதிரி இருந்தால் அது பனி நனைந்து உறைந்தது, பாதி வலுதான், அப்போது இரண்டு மடங்கு வேண்டும். சாம்பல் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம், கால் வைக்கவே கூடாது. பருமன் இரட்டித்தால் தாங்கும் எடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், எட்டு அங்குலம் நான்காக இளைத்தால் வலு கால்வாசிதான் மிஞ்சும்.

அதைவிட முக்கியமான விஷயம், ஒரே ஏரியில் ஐஸ் ஒரே பருமனில் இருக்காது. ஓடை வந்து சேரும் இடம், தண்ணீர் வெளியேறும் இடம், பாலத்தடி, ஊற்றுக்கண், நாணல் ஓரம், எல்லாம் மெலிந்திருக்கும். மேலே பனி மூடியிருந்தால் அது கம்பளி மாதிரி, கீழே ஐஸ் வளர்வதை மட்டுப்படுத்தும். அதனால் கடப்பாரை மாதிரி நுனியில் உளி வைத்த கம்பி ஒன்று விற்கிறார்கள், ஸ்பட் பார் என்பார்கள், அதால் முன்னே குத்திக் குத்தித்தான் நடக்க வேண்டும். என் இரண்டாவது குளிர்காலத்தில் நாங்கள் மூன்று பேர் போனோம். கரையோரம் துளை போட்டு அளந்தால் ஏழு அங்குலம். இருநூறு அடி தள்ளி நான் குத்தியபோது முதல் குத்து கல்லில் பட்ட மாதிரி டங்கென்றது, நாலு எட்டு தள்ளி அடுத்தது சொத்தென்றது, அதற்கடுத்த குத்தில் கம்பி உள்ளே போய்க் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து என் பூட்ஸ் நனைந்தது. பக்கத்தில் ஒரு ஓடை வந்து சேருவதை மேலே கிடந்த பனி மறைத்திருந்தது. வந்த காலடித் தடத்திலேயே மூவரும் தள்ளித் தள்ளி நடந்து திரும்பினோம். கரைக்கு வந்த பிறகுதான் கை நடுங்கியது.

காற்றையும் கவனியுங்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரியில் ஒரு பெரிய ஐஸ் பாளம் கரையிலிருந்து பிரிந்து, நூறு பேருக்கு மேல் நடுவில் மாட்டிக்கொண்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். பிளவு தெரிந்தும் அதன் மேல் மரப்பலகைகளைப் பாலம் போலப் போட்டுக் கடந்து போயிருந்தார்கள். சிம்கோவும் பெரிய ஏரிதான். கரையிலிருந்து ஏரிக்குள் காற்று வீசும் நாளில், பிளவு கண்ணில் பட்டால் மச்சான் எவ்வளவு கூப்பிட்டாலும் தாண்டாதீர்கள்.

அவரே: "தப்பித்தவறி உள்ளே விழுந்துட்டா?"

மேனிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் தானே குளிர்ந்த தண்ணீரில் இறங்கிப் பல தடவை சோதித்தவர். அவர் சொல்லும் கணக்கு 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும், அந்த நேரத்தில் வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தாலே போதும். அடுத்த பத்து நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே விழுந்ததும் செத்தோம் என்று கையை விட்டுவிடாதீர்கள், உங்களிடம் நேரம் இருக்கிறது.

வந்த திசைக்கே திரும்புங்கள், உங்களைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இரண்டு கையையும் மேலே நீட்டி, நீச்சலில் உதைப்பது மாதிரி காலை உதைத்து உடம்பைப் படுக்கைவாட்டில் கொண்டுவந்து வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது, உருண்டே தள்ளிப் போங்கள். ஈர ஐஸில் வெறும் கை பிடிக்காது, அதற்காகத்தான் நுனியில் ஆணி வைத்த இரண்டு கைப்பிடிகளைக் கழுத்தில் மாட்டும் கயிற்றில் கோத்து விற்கிறார்கள், ஐஸ் பிக் என்று கேளுங்கள். வேறொருவர் விழுந்தால் கிட்டே ஓடாதீர்கள், தள்ளிப் படுத்துக்கொண்டு கயிறோ கம்போ எறியுங்கள். பிராந்தி குடித்தால் சூடேறும் என்பது தவறு, தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்சூடு வெளியே போய்விடும்.

இந்திரா நகர் தம்பி: "ஐஸ் மேல மீன் பிடிக்க இங்கிருந்து என் ராடை எடுத்துட்டுப் போகலாமா?"

தேவையில்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிடிக்கிறீர்கள், இரண்டரை அடி ராடு போதும். பிரெய்டு தண்ணீரை இழுத்து உறைந்துவிடும், நான்கு பவுண்டு மோனோவோ புளூரோகார்பன் நரம்போ நல்லது. குளிரில் மீன் சோம்பலாக இருக்கும், சின்ன டங்ஸ்டன் ஜிக்கை (முள்ளோடு சேர்ந்த உலோகக் குண்டு) மெல்ல ஆட்டினால் பெர்ச் மீன் வரும். டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி, சிறியதாக இருந்தாலும் சீக்கிரம் ஆழத்துக்குப் போகும். லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராமமூர்த்தி நகர் அக்கா: "லடாக் போறோம். உறைஞ்ச பாங்காங் ஏரி மேல நடக்கலாமா?"

2023 பிப்ரவரியில் அதன் மேல் அரை மாரத்தானே ஓடினார்கள் அக்கா, ஆனால் ஏற்பாடு செய்து பாதை பார்த்து ஓடியது அது. பாங்காங் உப்புத்தண்ணீர், உப்பு கலந்த ஐஸ் நல்ல தண்ணீர் ஐஸ் அளவுக்கு வலுவில்லை. உள்ளூர்க்காரர் கூட வந்து காட்டினால் ஒழியக் கரையிலேயே நில்லுங்கள்.

பானஸ்வாடி அம்மா: "மகன் மின்னியாபொலிஸில் இருக்கான். சனிக்கிழமை ஆனா ஏரிக்குப் போயிடறான். போகாதேன்னு சொன்னா கேட்கமாட்டான். நான் என்ன கேட்கணும்?"

போகட்டும் அம்மா, அது அழகான பொழுது, நானே இன்னும் நினைத்து ஏங்குகிறேன். கூட யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள் கேஸ் ஹீட்டர் வைத்தால் காற்று போக வழி திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வருவது மாதிரிதான் இருக்கும், பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். காரை ஐஸ் மேல் ஓட்டுவதாகச் சொன்னால் சீட் பெல்ட்டைக் கழற்றிக் கண்ணாடியை இறக்கித்தான் ஓட்ட வேண்டும், ஓட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. கிளம்பும் முன் வீடியோ காலில் அவன் கழுத்தைப் பாருங்கள். ஐஸ் பிக் இரண்டும் ஜாக்கெட்டுக்கு வெளியே தொங்க வேண்டும். பைக்குள் இருக்கிறது என்றால் எடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், தண்ணீருக்குள் ஜிப்பைத் திறக்க விரல் வராது.