ரிசீவரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: மாடி அறையில் 4கே புரொஜெக்டர் போட்டிருக்கிறோம். ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஏ.வி. ரிசீவர் 2012-ல் வாங்கிய 7.1 (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்). இன்னும் நன்றாக உழைக்கிறது, ஆனால் 4கே படத்தைக் கடத்தாது. 4கே டிஸ்க் பிளேயர் கேட்டால், "ரிசீவரையும் மாத்தணும்" என்கிறார் கடைக்காரர். "என் பிளேஸ்டேஷன் 5 போதும்மா" என்கிறான் மகன். நியூ ஜெர்சியிலிருந்து தம்பி பொங்கலுக்கு வருகிறான். பிளேயரை அங்கிருந்தே வாங்கிவரும்படி அவனிடம் சொல்லிவிடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: ரிசீவர் அப்படியே இருக்கட்டும் அம்மா. பின்பக்கம் இரண்டு எச்டிஎம்ஐ அவுட் உள்ள பிளேயராக வாங்குங்கள். ஒன்றிலிருந்து படம் நேரே புரொஜெக்டருக்குப் போகும், மற்றதிலிருந்து ஒலி ரிசீவருக்கு. கூரையிலிருந்தும் ஒலி வரும்படி தயாரித்த அட்மாஸ் டிஸ்க்கையும் உங்கள் ரிசீவர் ட்ரூஎச்டி (டால்பியின் தரம் குறையாத ஒலி வடிவம்) 7.1 ஆக எடுத்துக்கொள்ளும். கூரையிலிருந்து வரவேண்டிய ஒலி மற்ற ஸ்பீக்கர்களில் வந்துவிடும்.

மகனுடைய பிளேஸ்டேஷனில் இருப்பது ஒரே எச்டிஎம்ஐ, ஒலியை மட்டும் தனியே எடுக்கும் ஆப்டிகல் அவுட்டும் கிடையாது. ரிசீவர் வழியாகக் கொடுத்தால் 4கே படம் கிடைக்காது. புரொஜெக்டருக்கு நேரே கொடுத்தால் ஒலிக்குச் சரியான வழியில்லை. பாட்டு சி.டி.யும் அதில் ஓடாது.

இரண்டு அவுட் உள்ளவற்றில் பானாசோனிக் யுபி820, சோனி எக்ஸ்800எம்2 இரண்டுமே நல்லவை. புரொஜெக்டருக்கு நான் தயங்காமல் சொல்வது பானாசோனிக். எச்டிஆர் (வெளிச்சம், இருட்டு வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் முறை) டிஸ்க்குகளை 1000 நிட்ஸ், சிலவற்றை 4000 நிட்ஸ் வெளிச்சத்துக்குத் தயாரிக்கிறார்கள் (நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). புரொஜெக்டர் திரையில் அதில் சின்னப் பங்குகூட வராது. இரவுக் காட்சி என்றால் முகமே தெரியாது. இதைத் திரைக்கு ஏற்றபடி சரிசெய்ய யுபி820-ல் 'எச்டிஆர் ஆப்டிமைசர்' இருக்கிறது. செட்டிங்கில் திரை வகையைப் புரொஜெக்டர் என்று மாற்றி அதை ஆன் செய்யுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சி.டி.) நிறைய வைத்திருந்தால் மட்டும் சோனி. எச்டிஆரின் இன்னொரு வகையான டால்பி விஷனுக்காக அதிகம் கொடுக்காதீர்கள், பெரும்பாலான வீட்டுப் புரொஜெக்டர்களில் அது இல்லை.

ரொம்பத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஒப்போ 2018-லேயே பிளேயர் செய்வதை நிறுத்தியது, எல்ஜி 2024-ல்.

தம்பி விஷயத்தில் கவனம். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு (ஒரு பகுதியின் டிஸ்க் அந்தப் பகுதி பிளேயரில் மட்டும் ஓடும் ஏற்பாடு) இல்லை. ஆனால் ப்ளூரேக்கு அமெரிக்கா ஏ, நாம் சி. டிவிடிக்கு அங்கே 1, இங்கே 5. உங்கள் டிவிடி உறைகளில் உலக உருண்டைக்குள் 'ஆல்' என்றிருந்தால் கவலையில்லை. 5 என்று இருப்பவை அமெரிக்க பிளேயரில் ஓடாது. அப்படி நிறைய இருந்தால் இங்கேயே வாங்குங்கள். அங்கிருந்துதான் என்றால், பிளேயரின் பின்னால் வோல்டேஜ் என்ன போட்டிருக்கிறது என்று தம்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 120 மட்டும் என்றால், வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் பிளக்கில் செருகிவிடாதீர்கள்.