கேள்வி – பதில்: முதல் இசை நாடகமும் நல்கை விண்ணப்பமும்

கேள்வி: நான் இசை நாடகத்துக்குக் கதை, வசனம், பாடல் வரிகள் எழுதுகிறேன். இசை என் நண்பருடையது. எங்கள் முதல் நாடகத்தின் முற்பாதி முடிந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் நான்கு நல்கைகளுக்கு (படைப்பாளிகளுக்கான நிதியுதவிகளுக்கு) விண்ணப்பித்தோம். நான்கும் காரணம் சொல்லப்படாமலே நிராகரிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் அறிமுகக் குறிப்பைத் திருத்தி எழுதி, எங்களுடைய மிகச் சிறந்த மூன்று பாடல்களை இணைத்தே அனுப்புகிறோம். எங்கே தவறுகிறோம்?

பதில்: நான்கு முறையும் குறிப்பைத் திருத்தியிருக்கிறீர்கள், பாடல்களை ஒருமுறையும் மாற்றவில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். இத்தகைய விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் பணியில் நானும் சில முறை அமர்ந்திருக்கிறேன். குறிப்பு நன்றாக இருந்தால் பாடலை நம்பிக்கையோடு கேட்கத் தொடங்குவோம், அவ்வளவுதான். முடிவு பாடலைக் கேட்கும்போதே ஏற்பட்டுவிடுகிறது.

மேலும், தனியே கேட்க மிகச் சிறந்த பாடல் வேறு, நாடகத்தில் மிகச் சிறந்த பாடல் வேறு. ஒரு பெண் ஊரை விட்டுக் கிளம்பப் பெட்டி அடுக்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிரிவின் துயரத்தை அவள் நான்கு சரணங்களில் அழகாகப் பாடி முடித்தும் பாடலின் தொடக்கத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறாள் என்றால், அது நல்ல கவிதையாக இருக்கலாம், கதை நகரவில்லை. அதே பெண் முதல் சரணத்தில் துணிகளை எண்ணி வைக்கிறாள், இரண்டாவதில் தன்னுடையது அல்லாத ஒரு சட்டை கையில் அகப்படுகிறது, கடைசி வரியில் பெட்டியை மூட மனம் வராமல் திறந்தே விட்டுவிடுகிறாள் என்றால், உங்களுக்கு நாடகம் எழுதத் தெரியும் என்பதை ஒரே பாடல் காட்டிவிடும். தேர்வுக் குழுவினர் தேடுவது அதைத்தான். மூன்று பாடல்களில் ஒன்றேனும் இவ்வகையாக இருக்கட்டும். மற்ற இரண்டும் மனநிலையிலும் வேகத்திலும் அதற்கு மாறுபட்டவையாக இருக்கட்டும். மூன்றும் உருக்கமான மெதுவான பாடல்களாக வரும் விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றை எழுதியவர்களுக்காக வருந்தியும் இருக்கிறேன்.

ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால், யார் பாடுகிறார், யாரிடம், அதற்கு முந்தைய கணத்தில் என்ன நடந்தது என்பதை இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். கதைச் சுருக்கம் முழுவதையும் அங்கே திணிக்க வேண்டாம். ஒலிப்பதிவுக்குப் பியானோவும், சொற்களைத் தெளிவாக உச்சரிக்கும் ஒரு குரலும் போதும். நாற்பது விநாடி முன்னிசைக்குப் பிறகே குரல் வருகிறது என்றால் அந்த முன்னிசையை வெட்டிவிடுங்கள், ஏனெனில் நூற்றுக்கணக்கான பதிவுகளைக் கேட்கும் ஒருவருக்கு முதல் நிமிடமே பெரிது. வரிகள் அடங்கிய தாளும் ஒலிப்பதிவும் சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றனவா என்பதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: பாதி முடிந்த நாடகத்துக்கு எந்த வகை நல்கையை நாடுவது?

பதில்: எழுதுபவரைப் பார்த்துக் கொடுப்பவை, படைப்பைப் பார்த்துக் கொடுப்பவை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 'எ கோரஸ் லைன்' நாடகத்தின் பாடலாசிரியர் எட்வர்ட் கிளெபன் எழுதிவைத்த உயிலின்படி உருவான கிளெபன் பரிசு முதல் வகை. இசை நாடகப் பாடலாசிரியருக்கும் வசனகர்த்தாவுக்கும் தனித்தனியே 1,00,000 டாலர் அளிக்கும் பரிசு அது. 1978இல் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் நிறுவிய, அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆர்ட்ஸ் அண்ட் லெட்டர்ஸ் வழங்கும் விருது இரண்டாம் வகை. அது குறிப்பிட்ட ஒரு நாடகத்தின் மேடையேற்றத்துக்கோ, சிறிய ஸ்டூடியோ தயாரிப்புக்கோ, மேடை வாசிப்புக்கோ (நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துப் படித்தும் பாடியும் காட்டுவது) துணைசெய்கிறது. உணவகத்தில் பரிமாறிப் பிழைத்துக்கொண்டே எழுதிய அமெரிக்க இசை நாடகப் படைப்பாளி ஜொனதன் லார்சன் அந்த விருதைத் தம் 'சுபர்பியா' நாடகத்துக்கும், பின்னர் 'ரென்ட்' நாடகத்துக்கும் பெற்றார். 1996 ஜனவரி 25 அன்று, நியூயார்க்கின் சிறிய அரங்கொன்றில் 'ரென்ட்'டின் முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவிருந்த நாளில், தமது 35ஆவது வயதில் அவர் இறந்தார். தொடக்க நிலையில் இருக்கும் இசை நாடகப் படைப்பாளிகளுக்கு அவர் பெயராலேயே இன்று அமெரிக்கன் தியேட்டர் விங் என்ற அமைப்பு நல்கை வழங்குகிறது.

உங்கள் பிரதி பாதியில் நிற்பதால், மேடையேற்றத்துக்கான நிதியைக் கேட்பது இப்போது வீண் உழைப்பு. எழுதி முடிக்கவோ வாசிப்பு நடத்தவோ உதவும் நல்கைகளைத் தேடுங்கள். குடியுரிமை, வசிப்பிடம், இதற்கு முன் எத்தனை தயாரிப்புகள் என்பன போன்ற தகுதி நிபந்தனைகளைப் பாடல்களைத் தேர்ந்தெடுக்க உட்காரும் முன்பே படித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நாடகம் நாங்கள் இருவரும் நேசிக்கும் ஒரு நாவலைத் தழுவியது. அது தடையாகுமா?

பதில்: உரிமை கையில் இல்லாவிட்டால் தடைதான். லார்சன் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைத்தான் இசை நாடகமாக்க விரும்பினார். ஆர்வெல்லின் உரிமைதாரர்கள் அனுமதி மறுத்ததால், சொந்தக் கற்பனையில் வேறோர் உலகைப் படைத்தார், அதுவே 'சுபர்பியா' ஆயிற்று. நூலாசிரியர் காலமாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன என்று நம்பி இருந்துவிடவும் முடியாது. 1950இல் மறைந்த ஆர்வெல்லின் அந்த நாவல் பிரிட்டனில் 2021 முதல் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்தாகிவிட்டது, ஆனால் அமெரிக்காவில் 2044 முடியும்வரை காப்புரிமைக்கு உட்பட்டது. ஆகவே உரிமைதாரருக்கு இன்றே எழுதுங்கள். அவருடைய எழுத்துபூர்வமான இசைவை விண்ணப்பத்தோடு இணைத்தால், அது எந்தப் பரிந்துரைக் கடிதத்தையும்விட உங்களுக்குப் பயன்படும்.

இதே கையோடு, நீங்களும் உங்கள் நண்பரும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். வரிகள் யாருடையவை, இசை யாருடையது, வருவாய் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் பாடல்கள் என்னாகும் என்பதெல்லாம் நட்பு நன்றாக இருக்கும்போது ஒரு மாலையில் பேசி முடிக்கக்கூடியவை.

கேள்வி: செலவுத் திட்டத்தில் எங்கள் ஊதியத்தைச் சேர்ப்பது பேராசையாகத் தெரியாதா?

பதில்: தெரியாது, அவசியம் சேருங்கள். ஊதியமே இல்லாத செலவுத் திட்டம் வந்தால், இவர் எதை உண்டு எழுதுவார் என்ற கேள்விதான் குழுவினருக்கு எழும். பாடகர்கள், பியானோ கலைஞர், இசை இயக்குநர் ஆகியோரின் ஒத்திகை நேரத்தை மணிக்கணக்கில் எழுதுங்கள். ஒத்திகைக் கூடத்தின் வாடகை, இசைக்குறிப்புப் படிகள் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். நல்கைத் தொகைக்கு வருமான வரி உண்டா என்பதை உங்கள் நாட்டுச் சட்டப்படி கேட்டறிந்து அதையும் கணக்கில் வையுங்கள். கேட்டதில் பாதித் தொகையே கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்களைப் பொறுத்தவரை, முடிந்திருக்கும் முற்பாதிக்கு மட்டும் ஒரு நாள் வாசிப்பு என்பதே போதுமான பதில்.