14 தோல்விகளுக்குப் பிறகும் மார்ச் தொடரில் இடம் உண்டா?

14 ஆட்டங்களில் தோற்ற அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு மார்ச்சில் நடக்கும் தேசியத் தொடரில் இடம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வுக் குழுவை மட்டும் நம்பினால் பெரும்பாலும் கிடைக்காது. 2024இல் மொத்தம் 68 இடங்களில் 36ஐத்தான் குழு நிரப்பியது. மற்ற 32 இடங்களும் தத்தம் கூட்டமைப்பில் (கல்லூரிகள் சேர்ந்து தமக்குள் ஆடும் குழுமத்தில்) வாகை சூடிய அணிகளுக்குச் சென்றன. நான் ஆதரிக்கும் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழக அணி, 17 வெற்றி, 14 தோல்வி என்ற நிலையில் அட்லாண்டிக் கடலோரக் கூட்டமைப்புத் தொடருக்குள் நுழைந்து, ஐந்தே நாள்களில் ஐந்து ஆட்டங்களை வென்று அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. அதிலும் வெர்ஜீனியா பல்கலைக்கழக அணியுடனான அரையிறுதியில், எங்கள் அணியின் மைக்கேல் ஓ'கானல் கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்து மூன்று புள்ளிகளைத் தந்திராவிட்டால், கூடுதல் நேரமே கிடைத்திருக்காது (அதை நினைத்தால் எனக்கு இப்போதும் படபடக்கிறது). பிறகு தேசியத் தொடரில், தன் பிரிவில் 11ஆம் தரநிலையில் (வலிமை வரிசையில் 11ஆம் இடத்தில்) தொடங்கிய அவ்வணி இறுதி நால்வர் சுற்று வரை முன்னேறி, பர்டூ பல்கலைக்கழக அணியிடம் 63-50 என்று தோற்றது.