5,000 ரூபாய்க்குள் இன்டர்வியூ கோட்

தம்பி, அடுத்த வாரம் இன்டர்வியூ, கையில் 5,000 ரூபாய்தான் என்கிறீர்கள். தைக்கக் கொடுத்தால் டெய்லர் இழுத்தடிப்பார், ரெடிமேடே நல்லது. பாண்டி பஜார், புரசைவாக்கம் பக்கம் வேலைநாள் காலையில் போங்கள். ஞாயிறு மாலை தி.நகர் கூட்டத்தில் கோட் போட்டுப் பார்ப்பது தனி தண்டனை.

முதலில் தோள்பட்டையைப் பாருங்கள். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். கை நீளம், இடுப்பு, பேன்ட் உயரமெல்லாம் ஆல்டரேஷனில் சரியாகிவிடும். தோளைச் சரிசெய்வது பெரிய வேலை, செலவும் அதிகம். நான் முதல் கோட்டை ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டு, அப்பா சட்டையைப் போட்ட பையன் மாதிரி போய் உட்கார்ந்தேன்.

கருநீலம் அல்லது அடர் சாம்பல் எடுங்கள். பளபளப்பு வேண்டாம், ரிசப்ஷன் மாப்பிள்ளை ஆகிவிடுவீர்கள். முழு பாலியெஸ்டர் நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது. விஸ்கோஸ் (ரேயான் இழை) கலந்த துணி பரவாயில்லை. இன்டர்வியூ அன்று கோட்டைக் கையில் கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கத் திறப்பில் பெருக்கல் குறி மாதிரி இருக்கும் நூலை வெட்டிவிடுங்கள்.

அப்புறம், ஐடி வேலையா? எச்ஆரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல இடங்களில் முழுக்கைச் சட்டையே போதும்.