500 மில்லி சலைன் ஒரு மணி நேரம் முன்பே தீர்வது ஏன்?

4 மணி நேரம் ஓட வேண்டிய 500 மில்லி சலைன், நிமிடத்துக்கு 42 சொட்டு வைத்தும் 3 மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது என்கிறீர்கள். உங்கள் கணக்கில் பிழை இல்லை, செட்தான் (பாட்டிலிலிருந்து சலைன் சொட்டாக இறங்கும் குழாய்) வேறாக இருக்கலாம். 500 மில்லி, 4 மணி நேரம், நிமிடத்துக்கு 42 சொட்டு என்பது மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டுக்கு மட்டும் பொருந்தும். வார்டுக்கு இப்போது 15 சொட்டு செட் வந்திருக்கும். அதில் 42 வைத்தால், நீங்கள் சொன்னபடியே 3 மணி நேரத்தில் பாட்டில் காலி. அந்த செட்டில் 4 மணி நேரம் ஓட நிமிடத்துக்கு 31 சொட்டு போதும்.

செட்டின் உறையைக் கிழித்துப் போடும் முன் பாருங்கள், சொட்டுக் கணக்கு அதிலேயே அச்சாகியிருக்கும்.

20 என்றே இருந்தால் அடுத்த சந்தேகம் நோயாளியின் கை. மடக்கியிருந்தபோது சரிசெய்த வேகம், கையை நீட்டியதும் கூடிவிடும். நீட்டிவைத்து முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி, 125 மில்லிக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதுங்கள். வேகம் கூடுகிறதா என்று முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

இதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பொட்டாசியம் கலந்த பாட்டிலுக்கும் சொட்டு எண்ணுவதை நம்பாதீர்கள். இன்ஃபியூஷன் பம்ப் (ஏறும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கேட்டு வாங்குங்கள். வேகமாக ஏறிவிட்டால் மூச்சுத்திணறல் இருக்கிறதா என்று பார்த்து, டியூட்டி டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். கேஸ் ஷீட்டிலும் எழுதிவையுங்கள்.