அந்தரங்கம் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊராட்சியில் போடாத சாலைக்குப் பில் போட்டிருக்கிறார்கள். அளந்து சான்று கொடுத்த அலுவலர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ‘தனிநபர் தகவல், தர இயலாது’ என்று பதில் வந்தது. இதற்குத்தான் அந்தரங்க உரிமை என்றால் அது நமக்கு எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயம். ஆனால் உரிமையே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தரங்கம் எதுவரை என்ற எல்லையை உச்ச நீதிமன்றம் வகுத்தது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர், செங்கல்பட்டு கிளைச் சிறையில் தன் வரலாற்றை எழுதினார். சுமார் 300 பக்கம். உயர் அதிகாரிகள் சிலருக்குச் சங்கரோடு இருந்த தொடர்பும் அதில் உண்டு என்று நக்கீரன் இதழ் விளம்பரம் செய்ததும், வெளியிட்டால் நடவடிக்கை என்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் போயிற்று. 1994 அக்டோபரில் தீர்ப்பு. அரசோ அதிகாரிகளோ வெளியீட்டை முன்கூட்டித் தடுக்க முடியாது. அலுவல் சார்ந்த செயல்களுக்கு அந்தரங்கம் என்ற கவசம் கிடையாது என்றது நீதிமன்றம். அதே தீர்ப்புதான், பொது ஆவணங்களில் இல்லாததைச் சங்கரின் சம்மதமின்றி எழுதினால் அவருடைய அந்தரங்கத்தில் கைவைத்ததாக ஆகலாம் என்றும் சொன்னது. ஆவணத்திலேயே இருந்தாலும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்றது. அந்தரங்கம் தூக்குக் கைதிக்கும் உண்டு, அதிகார நாற்காலிக்குக் கிடையாது! இந்தத் தீர்ப்பை நான் மதிப்பது அதனால்தான்.

2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவை வெட்டியது. பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றிக் கைவைக்கும் தனிநபர் தகவலைத்தான் முன்பு மறுக்க முடிந்தது. அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டார்கள். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் போயிற்று. இது பெரிய அநியாயம்.

ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது: பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம். அதைக் காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அலுவலரின் வீட்டு முகவரி, கைபேசி எண் எதையும் கேட்காதீர்கள், அவை அவருடையவை. அந்தச் சாலைக்கான எம்.புக் (வேலையை அளந்து எழுதும் அளவீட்டுப் புத்தகம்) பக்கங்களின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். அளந்தவர் கையெழுத்து அதில் இருக்கும்.

அன்புடன்.