கியூபெக் பிரெஞ்சுக்குக் காதைப் பழக்குவது எப்படி?

கேள்வி: காரைக்குடியில் இருந்தபடியே பிரெஞ்சில் பி1 என்னும் இடைநிலைப் படியை முடித்துவிட்டேன். அடுத்த ஆண்டு கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள மொன்ட்ரியலில் படிக்கப் போகிறேன். அங்கே பேசுவது வேறு பிரெஞ்சு, படித்தது உதவாது என்கிறார் புதுச்சேரிச் சித்தப்பா. மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டலும் அடிப்படை இலக்கணமும் பாரிஸிலும் மொன்ட்ரியலிலும் ஒன்றே. பாடப்புத்தகம், கட்டுரை, விரிவுரை எதிலும் பெரிய சிக்கல் வராது. கேன்டீனிலும், வீட்டு உரிமையாளரிடமும், சக மாணவர்கள் கூடிப் பேசும்போதும்தான் திணறுவீர்கள்.

முதல் தடை ஒலி. செவ்வாய்க்கிழமையை 'மார்தி' என்று படித்திருப்பீர்கள், அங்கே 'மார்ட்ஸி'. 'நீ' எனப் பொருள்படும் 'த்யு', 'ட்ஸ்யு' ஆகிவிடும். 'இ' ஒலிக்கும், உதட்டைக் குவித்துச் சொல்லும் 'யு' ஒலிக்கும் முன்னால் மட்டுமே இந்த மாற்றம். 'எல்லாம்' என்ற பொருளில் வரும் 'தூ' அப்படியே 'தூ'தான்.

அதே 'ட்ஸ்யு' வினைச்சொல்லை ஒட்டிப் பின்னால் வந்தால் 'நீ' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'செ-ட்ஸ்யு லுவான்?' என்றால் 'தூரமா?' நம் 'ஆ' விகுதியின் வேலையை அது செய்கிறது. தமிழ் பேசுகிறவருக்கு இது சட்டென்று பிடிபடும்.

சாப்பாட்டுச் சொற்களில் கவனம் தேவை. பிரான்ஸில் 'தெஜுனே' மதியச் சாப்பாடு, 'தினே' இரவுச் சாப்பாடு. கியூபெக்கில் 'தெஜுனே' காலைப் பலகாரம், 'ட்ஸினே' மதியம், 'சூப்பே' இரவு. யாராவது சாப்பிட அழைத்தால் மணியையும் கேட்டுக்கொள்ளுங்கள். எண்களில் தொல்லை இல்லை, பிரான்ஸில் சொல்வதுபோலவேதான். 70-ஐ 'செப்தாந்த்', 90-ஐ 'நொனாந்த்' என்பது பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும்தான்.

பயிற்சிக்குக் கனடாவின் பிரெஞ்சுப் பொது ஒலிபரப்பான ரேடியோ-கனடாவைக் கேளுங்கள். செய்தியை மட்டும் கேட்டால் போதாது, செய்தி வாசிப்பவர் உச்சரிப்பு பொதுவழக்கை ஒட்டியே இருக்கும். பேட்டி, அரட்டை நிகழ்ச்சிகளில் இரண்டு நிமிடப் பகுதி ஒன்றை எடுத்து மூன்று முறை கேளுங்கள்: முதலில் வெறுமனே, அடுத்து எழுதிக்கொண்டு, பிறகு விடுபட்டதைத் தேடி. பெரும்பாலும் விடுபடுவது விழுங்கப்பட்ட சொற்களே. 'நான் இருக்கிறேன்' என்னும் 'ஜ ஸ்வீ' பேச்சில் 'ஷு' என்று சுருங்கிவிடும்.

அவர்கள் உச்சரிப்பைப் போலிசெய்து பேச வேண்டாம். நீங்கள் கற்ற பிரெஞ்சு அங்கே எல்லோருக்கும் புரியும். சொல் புரியாதபோது 'ஸா வோ தீர் குவா?' என்று கூசாமல் பொருள் கேளுங்கள். சக மாணவர்கள் முதல் நாளே 'ட்ஸ்யு' போட்டுப் பேசுவார்கள், நீங்களும் பேசலாம். பேராசிரியரிடம் மட்டும், அவராகச் சொல்லும்வரை மரியாதைக்குரிய 'வூ'வை விடாதீர்கள்.